கிணறு இல்லாத எண்ணெய் கம்பெனி: நெஸ்டே நிறுவனத்தின் பசுமை எரிபொருள் வியூகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல், டீசல் விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனம் அதை விட்டுவிட்டு வேறு எரிபொருளுக்கு மாற முடியுமா என்ற கேள்விக்கு பெரும்பாலும் கொள்கை அளவிலான பதில்களே கிடைக்கின்றன. பின்லாந்தின் நெஸ்டே அதைச் செய்தே காட்டியது. கோடிகளை இழந்தது, பல மடங்கு சம்பாதித்தது, மறுபடி சறுக்கியது. மூன்றும் நடந்திருப்பதால்தான் வணிக வியூகம் படிப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

நெஸ்டே யாருடைய நிறுவனம்? எப்படித் தொடங்கியது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-ல், பின்லாந்து அரசு தொடங்கிய எண்ணெய் நிறுவனம். நாட்டில் சொந்தமாக ஒரு சொட்டு கச்சா எண்ணெய் கிடையாது. எரிபொருள் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. நான்தாலியில் 1957-லும், ஹெல்சிங்கிக்குக் கிழக்கே உள்ள போர்வோவில் 1965-லும் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1998-ல் ஒரு மின்சார நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு ஃபோர்டம் ஆனது. 2005-ல் மறுபடி பிரிந்து, ஹெல்சிங்கி பங்குச் சந்தையில் தனி நிறுவனமாகப் பட்டியலிடப்பட்டது. இன்றைக்கும் சுமார் 44 சதவீதப் பங்கு அரசிடம்தான் இருக்கிறது. 2015-ல் 'நெஸ்டே ஆயில்' என்ற பெயரிலிருந்து 'ஆயில்' என்பதை எடுத்துவிட்டார்கள்.

மாறவேண்டும் என்று ஏன் முடிவெடுத்தார்கள்? சுற்றுச்சூழல் அக்கறையா?

அக்கறை இருந்திருக்கலாம். ஆனால் கணக்குதான் முதல் காரணம். கிணறு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு லாபம் நிலத்தடியிலிருந்து வருகிறது. வெறும் சுத்திகரிப்பு ஆலை மட்டும் வைத்திருப்பவருக்கு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளிதான் வருமானம். அந்தப் பந்தயத்தில் சிறிய வடக்கத்திய நாட்டின் நிறுவனம் பெரிய ஆலைகளோடு மோத முடியாது. மற்றவர்கள் செய்ய முடியாத ஒரு சரக்கு வேண்டும்.

அது ஏற்கெனவே கையில் இருந்தது. தாவர எண்ணெயையும் கொழுப்பையும் டீசலாக மாற்றும் முறைக்கு 1990-களிலேயே அவர்களுடைய ஆராய்ச்சியாளர்கள் காப்புரிமை எடுத்திருந்தார்கள். அப்போது வாங்க ஆள் இல்லை, அதனால் கிடப்பில் போட்டார்கள். 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் போக்குவரத்து எரிபொருளில் உயிரி எரிபொருளின் பங்கு 2010-க்குள் 5.75 சதவீதத்தை எட்டவேண்டும் என்று இலக்கு வைத்தது. சந்தை சட்டத்தின் வழியாகப் பிறந்தது; பழைய காப்புரிமைக்கும் உயிர் வந்தது.

என் பார்வையில், கிணறு இல்லாததுதான் நெஸ்டேவின் பெரிய பலம். விட்டுக்கொடுக்க அவர்களுக்கு நிலத்தடிச் சொத்து எதுவும் இல்லை. மாறினால் இழப்பது குறைவு, மாறாவிட்டால் இழப்பது அதிகம் என்ற நிலையில் இருப்பவர்கள்தான் உண்மையாகவே மாறுகிறார்கள்.

அவர்கள் தயாரிப்பது பயோடீசல்தானே?

இல்லை. பெயர் குழப்பம் இங்கே நிறைய பேருக்கு வருகிறது. வழக்கமான பயோடீசல், எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து எடுப்பது. அதில் ஆக்சிஜன் தங்கிவிடும். குளிரில் உறையும், நாள்பட வைத்தால் கெடும். அதனால் ஐரோப்பாவில் சாதாரண டீசலில் பொதுவாக 7 சதவீதம் வரைதான் கலக்கிறார்கள்.

நெஸ்டே முறையில் எண்ணெயை உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினையூக்கியின் மேல் செலுத்துகிறார்கள். ஆக்சிஜன் முழுக்க வெளியேறிவிடும். மிஞ்சுவது சுத்தமான ஹைட்ரோகார்பன், துணைப் பொருளாகக் கொஞ்சம் புரொப்பேன். பிறகு மூலக்கூறுகளைக் கிளைவிடச் செய்து, கடும் குளிரிலும் உறையாதபடி ஆக்குகிறார்கள். கண்ணாடிக் குடுவையில் பார்த்தால் தண்ணீர் மாதிரி நிறமற்று இருக்கும், டீசல் வாடை ஏறக்குறைய கிடையாது. இந்த எரிபொருளுக்கு ஏற்றது என்று சான்று பெற்ற என்ஜினில் நூற்றுக்கு நூறும் ஊற்றலாம்.

வியூகத்தில் இதற்குப் பெரிய இடம் உண்டு. வாங்குபவர் லாரியை மாற்ற வேண்டாம், பங்க் டேங்கை மாற்ற வேண்டாம், குழாயை மாற்ற வேண்டாம். கூடுதல் விலை கொடுத்தால் போதும். இதே ஆலையில் சில மாற்றங்கள் செய்தால் விமான எரிபொருளும் எடுக்கலாம் என்பது பின்னாளில் கைகொடுத்தது.

ஆரம்பத்திலேயே லாபம் வந்ததா?

வரவில்லை. போர்வோவில் 2007-லும் 2009-லும் இரண்டு சிறிய பிரிவுகளைத் தொடங்கினார்கள். அது ஓடத் தொடங்கிய சூட்டிலேயே, ஆண்டுக்கு 8 லட்சம் டன் திறனில் சிங்கப்பூரில் ஒரு ஆலை (2010, சுமார் 55 கோடி யூரோ), ராட்டர்டாமில் ஒன்று (2011, சுமார் 67 கோடி யூரோ). 2008 நிதி நெருக்கடியில் உலகமே கையைக் கட்டிக்கொண்டிருந்தபோது இவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலைகள் திறந்தன, சரக்கு எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை. அந்தப் பிரிவு ஆண்டுக்கணக்கில் நஷ்டத்தில் ஓடியது. பங்குதாரர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். 2013-ல்தான் லாபத்துக்குத் திரும்பியது.

2008 முதல் 2018 வரை தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர் மத்தி லீவோனென். நஷ்டம் வந்த ஆண்டுகளில் திட்டத்தைக் கைவிடாததுதான் அவர் செய்த முக்கியமான காரியம். அரசு பெரும்பங்கு வைத்திருந்தது அந்தப் பொறுமைக்கு உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. 2018-ல் நிறுவனத்தின் இயக்க லாபம் சுமார் 142 கோடி யூரோ. அதில் ஏறக்குறைய 98 கோடி புதுப்பிக்கத்தக்க பிரிவிலிருந்து வந்தது. துணைத் தொழிலாக ஆரம்பித்தது முதன்மைத் தொழிலாகிவிட்டது.

பாமாயிலுக்காகக் காட்டை அழித்தவர்கள் என்று சொல்கிறார்களே?

குற்றச்சாட்டு காற்றில் வந்ததல்ல. ஆரம்ப ஆண்டுகளில் அவர்களுடைய மூலப்பொருளில் பெரும்பகுதி பாமாயில்தான். இந்தோனேசியா, மலேசியாவில் பாமாயிலுக்கான தேவை கூடக் கூட மழைக்காடும், மக்கிய தாவரங்கள் படிந்த கரிச் சதுப்பு நிலமும் அழிகின்றன. அப்படிக் கிடைத்த எண்ணெயை எரித்துவிட்டு அதைப் பசுமை என்று எப்படிச் சொல்வது? கிரீன்பீஸ் இயக்கம் தொடர்ந்து போராடியது. 2011-ல், மிக மோசமான நிறுவனங்களுக்கு என்று சமூக ஆர்வலர்கள் கொடுத்துவந்த 'பப்ளிக் ஐ' விருதின் மக்கள் வாக்கெடுப்பில் நெஸ்டே ஆயில் முதலிடம் பிடித்தது.

அந்த அடி வியூகத்தையே மாற்றியது. கழிவும் எச்சமும்தான் இனி மூலப்பொருள் என்று திரும்பினார்கள். ஐரோப்பியச் சட்டமும் கழிவிலிருந்து வரும் எரிபொருளை இலக்குக் கணக்கில் இரண்டு மடங்காக எண்ண அனுமதித்ததால், அறமும் லாபமும் ஒரே திசையில் நின்றன. 2023-ல் மூலப்பொருளில் 90 சதவீதத்துக்கு மேல் கழிவும் எச்சமும். 2023 இறுதியோடு வழக்கமான பாமாயிலை நிறுத்தினார்கள். பாமாயில் ஆலைக் கழிவுநீரில் மிதக்கும் எண்ணெய் போன்ற எச்சங்கள் மட்டும் தொடர்ந்தன. அந்த எச்சங்களையும் கேள்விக்குள்ளாக்குபவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கேள்வியும் நியாயமானதே.

இவ்வளவு கழிவு எண்ணெய் எங்கிருந்து கிடைக்கிறது?

தொழிலின் கஷ்டமான பகுதி இதுதான், விளக்கமாகவே சொல்கிறேன்.

கச்சா எண்ணெய் என்றால் ஒரு கப்பலில் ஒரே ஒப்பந்தத்தில் லட்சம் டன் வந்துவிடும். பயன்படுத்திய சமையல் எண்ணெய் அப்படியில்லை. ஒவ்வொரு ஓட்டலின் பின்வாசலுக்கும் லாரி போகவேண்டும். ஒரு கடையில் ஒரு டிரம், அடுத்த கடையில் அரை டிரம். அதில் தண்ணீர் இருக்கும், உப்பு இருக்கும், மாவுத் துகள் இருக்கும். சேர்த்துக் காய்ச்சி, வடிகட்டி, கிடங்கில் சேர்த்து, அப்புறம்தான் கப்பல்.

விலங்குக் கொழுப்பு இன்னும் சிக்கல். இறைச்சிக் கூடத்துக் கழிவை உருக்கி எடுக்கும் அந்தக் கொழுப்பில், இறைச்சி சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து உருகிக் கரைந்திருக்கும். ஆலைக்குள் போனால் குழாயில் படிந்து அடைத்துவிடும். பாஸ்பரஸ், உலோகங்கள், குளோரைடு ஆகியவை கொஞ்சம் கூடினாலும் வினையூக்கி கெட்டுப்போகும், இரும்பு அரித்துப்போகும். ஆகவே ஆலைக்கு முன்னால் ஒரு சுத்தம் செய்யும் பிரிவு வேண்டும். எவ்வளவு அழுக்கான சரக்கை அந்தப் பிரிவு தாங்குகிறதோ, அவ்வளவு மலிவாக வாங்கலாம். நெஸ்டே பல ஆண்டுகளாகச் சேர்த்த தொழில்நுட்ப அனுபவத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

வெறும் வாங்குபவராக இருந்தால் விலை நம் கையில் இருக்காது. அதனால் சேகரிக்கும் நிறுவனங்களையே வாங்கத் தொடங்கினார்கள். 2020-ல் அமெரிக்காவின் மஹோனி என்விரான்மென்டல், உணவகங்களில் எண்ணெய் சேகரிக்கும் கம்பெனி. நெதர்லாந்தில் விலங்குக் கொழுப்பு வணிகம் செய்யும் ஐஹெச் டெமீட்டர் இன்னொன்று. அமெரிக்காவில் போட்டியாளர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள்: டயமண்ட் கிரீன் டீசல் என்பது வலேரோ என்ற சுத்திகரிப்பு நிறுவனமும், டார்லிங் என்ற இறைச்சிக் கழிவு உருக்கும் நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. சரக்கு வைத்திருப்பவரே பங்காளி. வியூகமாகப் பார்த்தால் அது நெஸ்டேவின் ஏற்பாட்டைவிட உறுதியானது என்றே நினைக்கிறேன்.

நல்ல எண்ணெயையே கழிவு என்று சொல்லி விற்க மாட்டார்களா?

விற்க வாய்ப்பு இருக்கிறது, சந்தேகங்களும் எழுந்திருக்கின்றன. கழிவு எண்ணெயின் விலை சில காலங்களில் புதிய பாமாயிலைத் தாண்டிப் போயிருக்கிறது. அப்படியொரு விலை இருந்தால் ஏமாற்றத் தூண்டுதலும் இருக்கும். ஐஎஸ்சிசி போன்ற சான்றிதழ் முறைகள் சங்கிலியைச் சரிபார்க்கின்றன. ஆனால் ஆயிரக்கணக்கான சமையலறைகளில் தொடங்கும் சங்கிலியைக் காகிதத்தை வைத்து மட்டும் காவல் காக்க முடியாது. சேகரிப்பை நேரடியாகத் தன் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் சொல்லுக்கு இந்தக் காரணத்தாலும் மதிப்பு கூடுகிறது.

சாதாரண டீசலைவிட விலை அதிகம் என்றால் யார் வாங்குகிறார்கள்?

சட்டம் கட்டாயப்படுத்துவதால் வாங்குகிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் எரிபொருள் விற்பவர் குறிப்பிட்ட பங்கைப் புதுப்பிக்கத்தக்கதாக விற்கவேண்டும், இல்லாவிட்டால் அபராதம். கலிபோர்னியாவில் 2011 முதல் கார்பன் குறைந்த எரிபொருளுக்கு விற்கத்தக்க வரவுப் புள்ளிகள் தருகிறார்கள். அதன் மேல் அமெரிக்க மத்திய அரசு 2024 வரை கேலனுக்கு 1 டாலர் வரிச்சலுகை கொடுத்தது. விளைவு, கலிபோர்னியாவில் எரியும் டீசலில் பாதிக்கும் மேல் உயிரி மூலத்திலிருந்து வருவதாகிவிட்டது.

ஆக, நெஸ்டேவின் உண்மையான சந்தை நாடாளுமன்றங்களில் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே படிக்கத் தெரிந்தவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் நாடாளுமன்றம் மனம் மாறினால்?

அப்படி மாறியதால்தான் 2024-ல் சறுக்கினார்களா?

ஒரு காரணம் அது. விற்கும் டீசலில் உயிரி எரிபொருள் கலந்து அதன் உமிழ்வை 2023-ல் 30.5 சதவீதம் குறைக்கச் சொன்ன சுவீடன், 2024 ஜனவரியில் அதை ஒரேயடியாக 6 சதவீதமாக்கியது. பங்க் விலை உயர்வு அங்கே தேர்தல் பிரச்சினையாகியிருந்தது. பக்கத்து வீட்டுச் சந்தை, உலகிலேயே தாராளமான சந்தை, ஒரு புத்தாண்டில் சுருங்கிப்போனது.

இரண்டாவது, போட்டி. நெஸ்டேவின் லாபத்தைப் பார்த்து அமெரிக்காவில் பழைய சுத்திகரிப்பு ஆலைகளை வரிசையாக மாற்றினார்கள். சரக்கு குவிந்தது, கலிபோர்னியாவின் வரவுப் புள்ளி விலை விழுந்தது. சீனாவிலிருந்து மலிவான பயோடீசல் ஐரோப்பாவுக்குள் வெள்ளமாக வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதன் மேல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலை இறக்குமதியைத் தடுக்கும் வரி) போட்டது 2024 ஆகஸ்டில்தான்.

மூன்றாவது, நேரம். உச்சத்தில் இருந்தபோது எடுத்த முதலீட்டு முடிவுகளுக்கெல்லாம் இப்போது பணம் கட்ட வேண்டியிருந்தது. சிங்கப்பூர் விரிவாக்கம் 160 கோடி யூரோ, 2023-ல் தொடங்கியது. கலிபோர்னியாவின் மார்ட்டினெஸில் மாரத்தான் என்ற அமெரிக்கச் சுத்திகரிப்பு நிறுவனத்தோடு பாதிக்குப் பாதி கூட்டில் ஒரு ஆலை. அங்கே 2023 நவம்பரில் தீ விபத்து. ராட்டர்டாம் விரிவாக்கத்துக்கு முதலில் சொன்ன 190 கோடி 250 கோடியாகி, முடியும் காலம் 2027-க்குத் தள்ளிப்போனது.

வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 2023-ல் சுமார் 346 கோடி யூரோ. 2024-ல் 125 கோடி. ஒரு பங்குக்கு 1.20 யூரோவாக இருந்த டிவிடெண்ட் 0.20 ஆனது. 2021 தொடக்கத்தில் 60 யூரோவைத் தாண்டியிருந்த பங்கு விலை, 2025 வசந்தத்தில் 10 யூரோவுக்கும் கீழே போய், ஆண்டின் பிற்பகுதியில்தான் ஓரளவு மீண்டது. 2024 அக்டோபரில் ஹெய்க்கி மாலினென் புதிய தலைவராக வந்தார். 2025-ல் சுமார் 600 வேலைகளைக் குறைத்தார்கள், பெரும்பாலும் பின்லாந்தில். வியூகப் பாடத்தில் ஒரு வரியாக முடிந்துவிடும் இந்த எண்ணிக்கை, போர்வோ போன்ற ஊர்களில் பல குடும்பங்களின் வருமானம்.

என் தீர்ப்பு இது: திசை சரி, அடுக்கிய வேகம் தவறு. வருமானம் முழுக்க சட்டத்தை நம்பியிருக்கும் தொழிலில் மூன்று பெரிய கட்டுமானங்களை ஒரே நேரத்தில் கடன் வாங்கித் தொடங்கக் கூடாது.

கச்சா எண்ணெய்த் தொழிலை முழுவதும் விட்டுவிட்டார்களா?

இல்லை. நான்தாலியில் சுத்திகரிப்பை 2021-ல் நிறுத்தினார்கள். போர்வோ இன்னும் ஓடுகிறது, பசுமைப் பிரிவு திணறிய காலத்தில் பணம் கொடுத்ததில் அதற்குப் பங்கு உண்டு. 2022-க்கு முன் அங்கே வந்த கச்சாவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ரஷ்யாவிலிருந்து. உக்ரைன் போர் தொடங்கியபின் சில மாதங்களிலேயே வேறு நாட்டு எண்ணெய்க்கு மாறினார்கள். 2030-களின் நடுவில் போர்வோவிலும் கச்சா சுத்திகரிப்பை முடித்து, புதுப்பிக்கத்தக்க, மறுசுழற்சி மூலப்பொருள் ஆலையாக்குவதாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே போடவிருந்த 120 மெகாவாட் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தை 2024-ல் கைவிட்டது, பணமுடை எந்த அளவுக்கு இருந்தது என்பதைக் காட்டுகிறது.

ஷெல் போன்ற பெரிய நிறுவனம் நினைத்தால் இவர்களை விழுங்கிவிடாதா?

நினைத்தார்கள். ராட்டர்டாமிலேயே ஆண்டுக்கு 8.2 லட்சம் டன் ஆலை கட்டத் தொடங்கிய ஷெல், 2024-ல் வேலையை நிறுத்தி, 2025-ல் கைவிட்டது. கிணற்றில் வரும் லாபத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தொழில் அவர்கள் கண்ணுக்குச் சிறியதாகத்தான் தெரியும்.

எலெக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் இந்த எரிபொருளுக்கு வேலை ஏது?

கார்களில் வேலை இருக்காது, நகர பஸ்களிலும் குறையும். அதனால்தான் பார்வை ஆகாயத்துக்குப் போயிருக்கிறது. கண்டம் தாண்டும் விமானத்தைப் பேட்டரியில் ஓட்ட வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 முதல் விமான எரிபொருளில் 2 சதவீதம் நீடித்த வகையாக, அதாவது கழிவுக் கொழுப்பு போன்ற புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து எடுத்ததாக, இருக்கவேண்டும். 2030-ல் 6, 2050-ல் 70. ஆனால் 2024-ல் உலகில் தயாரானது சுமார் 10 லட்சம் டன்தான், மொத்தத் தேவையில் 0.3 சதவீதம்.

நெஸ்டேவிடம் இப்போது ஆண்டுக்கு 15 லட்சம் டன் விமான எரிபொருள் தயாரிக்கும் திறன் உண்டு, பெரும்பகுதி சிங்கப்பூரின் துவாஸில். சாங்கி விமான நிலையத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டும் 2024-ல் 1,000 டன் வாங்கின. எல்லை எங்கே என்றால், கழிவுக் கொழுப்பின் அளவில். உலகம் முழுக்க உள்ள கழிவு எண்ணெயைச் சேர்த்தாலும் எல்லா விமானங்களுக்கும் போதாது. மரக்கழிவு, பாசி, காற்றிலிருந்து பிடித்த கார்பன் என்று அடுத்த வழிகள் பேசப்படுகின்றன. எதுவும் இன்னும் இந்த விலைக்கு வரவில்லை.

இந்தியாவில் இது நடக்குமா?

நடக்கத் தொடங்கியிருக்கிறது. சர்வதேச விமானங்களின் எரிபொருளில் நீடித்த வகை 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2, 2030-ல் 5 என்று இலக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் எடுக்க 2025-ல் சர்வதேசச் சான்று பெற்றது.

ஆலை கட்டுவதில் நமக்குப் பெரிய சிரமம் இல்லை. எண்ணெய் சேகரிப்பில்தான் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்கும் 'ரூக்கோ' திட்டத்தை 2018-ல் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு வைத்து, அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் கொடுக்கவேண்டும். ஆனால் பெரிய ஓட்டலில் கழிந்த எண்ணெய் டின்னில் அடைபட்டு, பாதி விலைக்குச் சாலையோரக் கடைக்குப் போய், மறுபடி வாணலியில் ஏறும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதைச் சாப்பிடுபவர் கூலித் தொழிலாளி. நல்ல விலை கொடுத்து அந்த டின்னை எரிபொருள் ஆலை வாங்கிக்கொண்டால், கார்பன் கணக்குக்கு முன்னாலேயே அந்த மனிதரின் வயிறு பிழைக்கும். இந்தத் தொழில் இங்கே வளர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு அதுவே போதுமான காரணம்.

நெஸ்டேவைத் தொடர்ந்து கவனிக்க எந்த எண்ணைப் பார்ப்பது?

காலாண்டு அறிக்கையில் முதலில் புதுப்பிக்கத்தக்க பிரிவின் டன்னுக்கான விற்பனை லாப வரம்பைப் பாருங்கள். மொத்த லாபத்தைவிட அது சீக்கிரம் உண்மையைச் சொல்லும். அடுத்து கடன் விகிதம். ராட்டர்டாம் 2027-ல் திறந்தால் மொத்தத் திறன் 55 லட்சம் டன்னிலிருந்து 68 லட்சம் டன்னாகும். அந்தத் தேதி மறுபடி தள்ளிப்போகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் புதிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி விதியைத் தங்கள் சட்டத்தில் எப்படி எழுதுகின்றன என்பதை, குறிப்பாக ஜெர்மனி எழுதுவதை, பாருங்கள்.